கடைவாய்ப் பல்லும் சில நூறு நிழல்களும்

சிங்கப்பூரில் தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு பல் மருந்தகத்தில் சித்திக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். கீழ்த்தாடையின் வலப்பக்க ஞானப்பல் மூன்று மாதமாக அவரைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. மருத்துவர் முழுத் தாடையையும் ஒரே படமாகக் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயைத் திரையில் காட்டி, “ஒரு ஸ்கேனும் எடுத்துவிடலாம்” என்றார். சித்திக்கு முகம் சுருங்கியது. “இப்போதுதானே ஒரு படம் எடுத்தீர்கள்? அதில் தெரியாதது இதில் என்ன தெரியப்போகிறது?”

நியாயமான கேள்வி.

எக்ஸ்ரே படம் என்பது ஒரு நிழல். ராண்ட்கன் இந்தக் கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். 1896 ஜனவரியிலேயே ஜெர்மானியப் பல் மருத்துவர் ஓட்டோ வால்க்ஹாஃப் தம் பற்களைப் படம் எடுத்துவிட்டார். அதற்காக 25 நிமிடம் அசையாமல் இருந்தார். இன்று கண்ணிமைக்கும் நேரம் போதும். ஆனால் நிழலின் குணம் மாறவில்லை. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே இடத்தில்தான் விழும். தோ பாயோவில் தரையில் நின்று பார்த்தால் இரண்டு வீவக அடுக்குமாடி புளோக்குகள் ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் தோன்றும். நாலடி தள்ளி நின்றால் அவற்றின் நடுவே சாலையே போவது தெரியும்.

ஓபிஜி கருவி முகத்தைச் சுற்றி வந்து, வளைந்த தாடையைச் சுருட்டிய பாயை விரிப்பதுபோல் ஒரே தட்டையான படமாக விரிக்கிறது. எல்லாப் பற்களும் ஒரே பார்வையில் கிடைக்கும். அதற்கு விலையும் உண்டு: உருவங்கள் சுமார் 20 முதல் 30 விழுக்காடு பெரிதாகத் தெரியும், அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் அல்ல. காதுத் தோட்டைக் கழற்ற மறந்தால், இடது காதுத் தோட்டின் மங்கிய ‘ஆவி’ படத்தில் வலது தாடைப் பக்கத்தில் சற்று மேலே வந்து நிற்கும். தாடை எலும்பின் தடிமனோ இந்தப் படத்தில் தெரியவே தெரியாது.

சித்தியின் சிக்கல் அந்தத் தடிமனில்தான் இருந்தது. கீழ்த்தாடை எலும்புக்குள் மெல்லிய குழாய்போல ஒரு பாதை ஓடுகிறது. அதற்குள் செல்லும் நரம்புதான் கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தருகிறது. ஓபிஜியில் ஞானப்பல்லின் வேர்மீது அந்தப் பாதை குறுக்கே போவது தெரிந்தது. கடக்கும் இடத்தில் வேர் கறுத்தும் இருந்தது. வேர் நரம்பைத் தொடுகிறதா, அல்லது இரண்டு புளோக்குகளைப்போல ஒன்றன்பின் ஒன்றாக நிற்கிறதா? தவறாகக் கணித்துப் பல்லைப் பிடுங்கினால் உதடு மரத்துப்போகலாம், சிலருக்கு நிரந்தரமாகவே.

எனவே தள்ளி நின்று பார்க்க வேண்டும். அதைத்தான் ‘சிபிசிடி’ செய்கிறது. தமிழில் கூம்புக்கற்றை சிடி எனலாம். மருத்துவமனை சிடியில் நோயாளி படுத்திருக்க, விசிறிபோன்ற கதிர் பலமுறை சுற்றும். இங்கே கதிர் கூம்பாக விரிந்து, எதிரே உள்ள தட்டையான உணர்தகட்டில் விழுகிறது. தலையைச் சுற்றி ஒரே ஒரு சுற்றுதான், பெரும்பாலும் 10 முதல் 40 வினாடி. அதற்குள் சில நூறு நிழல்கள் சேர்ந்துவிடும்.

நிழல்களிலிருந்து உருவத்தை மீட்பது எப்படி? ஒரு சின்னக் கணக்கு. நான்கு கட்டங்கள், மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒவ்வொன்றிலும் ஓர் எண் ஒளிந்திருக்கிறது. மேல் வரிசையின் கூட்டுத்தொகை 5, கீழ் வரிசை 9, இடது நிரல் 6, வலது நிரல் 8. மேலே 1, 4, கீழே 5, 4 என்று போட்டால் சரியாக வருகிறது. மேலே 2, 3, கீழே 4, 5 என்று போட்டாலும் சரிதான்! மேல் இடதிலிருந்து கீழ் வலதுக்குக் குறுக்காக ஒரு கூட்டுத்தொகை கிடைத்தால் குழப்பம் தீரும்: 5 என்றால் முதல் விடை, 7 என்றால் இரண்டாவது. அந்தக் கூட்டுத்தொகைதான் நிழல்; குறுக்குக் கோடுதான் புதிய கோணம்.

கட்டங்கள் நான்கு என்றால் மனத்திலேயே போட்டுவிடலாம். 5 செ.மீ. பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை 0.1 மி.மீ. துண்டுகளாக்கினால் 12.5 கோடிக் கட்டங்கள். கணினி ஒவ்வொரு நிழலையும் கூர்மையாக்கி, அது வந்த வழியே திருப்பி வீசுகிறது. எல்லாம் ஒன்றுசேரும் இடத்தில் எலும்பு எழுந்து நிற்கிறது. கூம்புக் கதிருக்கான இந்தக் கணக்கை 1984-இல் வெளியிட்ட ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் மூவரும் ஃபோர்டு கார் நிறுவன ஆய்வாளர்கள் என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கிறது. பல் மருத்துவத்துக்கான கருவி 1990-களின் கடைசியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் உருவானது.

செயற்கைப் பல் பொருத்துவோருக்கு இது பெரும் துணை. டைட்டானியம் திருகை இறக்குமுன் எலும்பின் உயரத்தோடு அகலத்தையும் அளக்கலாம். கீழ்த்தாடையில் நாக்குப் பக்கம் எலும்பு உள்ளே குடைந்திருப்பதுண்டு; தெரியாமல் துளையிட்டால் வாய்த் தளத்தில் ஆபத்தான இரத்தக்கசிவு ஏற்படலாம்.

ஆனால் கருவியைத் தெய்வமாக்க வேண்டாம். உலோக அடைப்பும் பல் கவசமும் இருந்தால் படத்தில் கீற்றுகளும் கறுப்புப் பட்டைகளும் விழும். வேர் விரிசலைத் தேடுபவருக்கு இல்லாத விரிசலையும் அது காட்டிவிடும். ஈறு, நாக்கு போன்ற மென்திசுக்கள் இதில் சரியாகப் பிரிந்து தெரியா. சாதாரணப் பற்சொத்தைக்கு வாய்க்குள் வைத்து எடுக்கும் சிறிய எக்ஸ்ரேயே மேல். கதிர்வீச்சையும் பார்க்க வேண்டும்: அந்தச் சிறிய படம் பொதுவாக 10 மைக்ரோசீவர்ட்டுக்கும் குறைவு, சிபிசிடி பார்க்கும் பரப்பைப் பொறுத்துச் சில பத்துகளிலிருந்து சில நூறுகள்வரை போகும். இயற்கையாகவே நாம் ஓராண்டில் பெறும் அளவு உலகச் சராசரியில் 2,400. பயப்பட ஒன்றுமில்லை, வழக்கமான பரிசோதனைக்கெல்லாம் எடுக்கவும் தேவையில்லை.

சித்தி மூக்குத்தியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். “எச்சில்கூட விழுங்கக் கூடாதாம்” என்று முனகிக்கொண்டே வந்தார். திரையில் மருத்துவர் தாடையை மெல்லிய துண்டுகளாக நகர்த்திக் காட்டினார். வேரும் நரம்புப் பாதையும் தள்ளி நிற்கவில்லை. வேரில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. அதில் நரம்பு பதிந்து கிடந்தது. பல்லின் மேற்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, வேரை அப்படியே விட்டுவிடுவதாக முடிவாயிற்று.

“பாதிப் பல்லை எடுப்பதற்கு முழுக் காசா?” என்றார் சித்தி.