எலியின் பம்பிங் ஏறிவிட்டது, அப்புறம்?

சேலத்தில் எக்கோ எடுத்துவிட்டு வெளியே வருகிறவரிடம் வீட்டுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பம்பிங் எவ்வளவாம்?" இதயத்தின் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது. 55க்கு மேல் என்றால் நிம்மதி. 30 என்றால் ஏற்காடு இருக்கட்டும், மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும். புதிய புரத மருந்துகள் பற்றிய செய்திகளிலும் இதே எண்தான் தலைப்புக்கு வருகிறது: எலிகளுக்குப் பம்பிங் ஏறியதாம். ஏறியிருக்கலாம். எதனால் ஏறியது என்பதில்தான் வம்பு.

ரிலாக்சின் என்ற ஹார்மோனை எடுத்துக்கொள்வோம். கர்ப்ப காலத்தில் அதிகம் சுரக்கும் சின்னப் புரதம். மூலக்கூறின் எடை சுமார் 6 கிலோடால்டன். ரத்தக் குழாய்களைத் தளர்த்தும், இதயத் தசையில் தழும்புபோல் விறைப்பான நார்த்திசு படிவதைக் குறைக்கும். ஆனால் ஏறக்குறைய 60 கிலோடால்டனுக்குக் கீழே உள்ளவற்றைச் சிறுநீரகம் வடிகட்டி அனுப்பிவிடும் என்பதால் ரத்தத்தில் தங்காது. அதனால்தான் செரிலாக்சின் என்ற பெயரில் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது 48 மணி நேரம் டிரிப்பாகவே ஏற்றினார்கள். சுமார் 6,500 பேரிடம் நடந்த அந்தப் பெரிய சோதனையில் 180 நாள் வரையிலான இதயநோய் மரணங்கள் குறையவில்லை. முடிவு 2019இல் வெளியானது. இரண்டு நாள் மருந்து ஆறு மாதம் காப்பாற்றும் என்று எதிர்பார்த்ததே கொஞ்சம் அதிகம்தான்.

எனவே மூலக்கூறையே மாற்றினார்கள். ரிலாக்சினின் இரண்டு சங்கிலிகளை ஒன்றாக்கி, ஆன்டிபாடி என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தின் வால்பகுதியான எஃப்சி துண்டோடு கோப்பது ஒரு வழி. நடுவில் கிளைசின், செரின் அமினோ அமிலங்களாலான வளைந்து கொடுக்கும் இணைப்பு இருக்கும். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசில் வளையம் ரொம்பக் குட்டையாக இருந்தால் சலங்கை ஆடாது. இங்கேயும் இணைப்பு குட்டையானால் ரிலாக்சின், செல்லின் மேல் தனக்கென உள்ள பூட்டான ஏற்பியில் போய் உட்கார முடியாது. எஃப்சி சேர்ந்ததும் எடை வடிகட்டியைத் தாண்டிவிடும். செல்லுக்குள் இழுக்கப்பட்டாலும் எஃப்சிஆர்என் என்ற ஏற்பி பிடித்து மீண்டும் ரத்தத்தில் விட்டுவிடும். ரத்தத்தில் தங்கும் நேரம் நாள் கணக்காகிறது.

இனி சுண்டெலி. மருந்தைச் சோதிக்க முதலில் அதற்கு இதய நோயை வரவழைக்க வேண்டும். 20 முதல் 25 கிராம் எடையுள்ள விலங்கின் மார்பைத் திறந்து, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனியின் வளைவின் மேல் 27 கேஜ் என்ற மெல்லிய ஊசியை வைத்து, பட்டு நூலால் இரண்டையும் சேர்த்துக் கட்டி, ஊசியை உருவிவிடுவார்கள். மிஞ்சும் வழி ஊசியின் பருமன் அளவே, சுமார் 0.4 மில்லிமீட்டர். அன்றிலிருந்து அந்த இதயம், அடிவாரத்திலிருந்து முதல் கியரிலேயே மலையேறும் பேருந்துதான். சில வாரங்களில் தசை தடித்து, பிறகு தளரும். முடிச்சு தளர்வாக விழுந்தால் நோயே வராது. இறுகினால் நுரையீரலில் நீர் கோத்து முதல் சில நாளிலேயே சாகும். அதனால் கட்டுக்கு முன்னும் பின்னும் பிரியும் வலது, இடது கழுத்துத் தமனிகளின் ரத்த வேகத்தை டாப்ளர் என்ற ஒலியலைக் கருவியில் ஒப்பிட்டு, ஒரே அளவு இறுக்கம் உள்ளவற்றைச் சமமாகப் பிரித்த பிறகே ஊசி போடத் தொடங்க வேண்டும். எந்தக் குப்பியில் மருந்து, எதில் வெறும் எஃப்சி என்பது போடுபவருக்கும் எக்கோ பார்ப்பவருக்கும் தெரியக் கூடாது.

இங்கே ஒரு நுணுக்கம். ரிலாக்சின் குழாயைத் தளர்த்தும் என்றோம். ஆனால் நூல் தளராது. மலையின் சரிவு மாறாததுபோல் கட்டின் தடையும் மாறாது. ஆக, இந்த எலியில் பலன் தெரிந்தால் அது பெரும்பாலும் நார்த்திசு குறைந்ததால் இருக்க வேண்டும். பிக்ரோசிரியஸ் ரெட் சாயமிட்ட இதயத் துண்டில் நார்த்திசுவின் புரதமான கொலாஜன் சிவப்பாகத் தெரியும். அது குறையாமல் பம்பிங் மட்டும் ஏறியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

சந்தேகத்துக்கு முதல் காரணம் மயக்க மருந்து. சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500, 600 முறை துடிக்கும். ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு 2 சதவீதத்தைத் தாண்டினால் துடிப்பு சரிந்து, பம்பிங்கும் சேர்ந்து விழும். ஒரு குழுவுக்கு மயக்கம் லேசாக இருந்தாலே "மருந்து" ஜெயித்துவிடும்! எக்கோவோடு துடிப்பு எண்ணிக்கையையும் பதிய வேண்டும், உடலை 37 டிகிரி சூட்டில் வைக்க வேண்டும். கடைசியில் நீர் கோத்திருக்கிறதா என்று நுரையீரலை எடுத்து எடை போடுவது பழைய முறை, ஆனால் மயக்க மருந்தால் அதை ஏமாற்ற முடியாது.

அடுத்தது எதிர்ப்பு. மனிதப் புரதம் எலிக்கு அந்நியப் பொருள். முதல் ஊசி போட்டு ஒன்றிரண்டு வாரத்தில் அதற்கெதிராக ஆன்டிபாடி உருவாகலாம்; நான்காம் வாரத்தில் போடும் ஊசி ரத்தத்தில் நிற்காது, சில விலங்குகள் ஒவ்வாமை அதிர்ச்சியில் சாகும். வாராவாரம் வாலிலிருந்து சில துளி ரத்தம் எடுத்து எலைசா என்ற ஆய்வகப் பரிசோதனையில் மருந்தின் அளவைப் பார்க்காவிட்டால், "மருந்து வேலை செய்யவில்லை" என்பதையும் "மருந்தே உள்ளே இல்லை" என்பதையும் பிரிக்க முடியாது. எலியின் சொந்த எஃப்சியோடு கோத்த மாற்று வடிவத்தைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை குறையும். மனித எஃப்சியை எலியின் எஃப்சிஆர்என் மனித ஏற்பியைவிட இறுக்கமாகப் பிடிக்கும் என்பதால், எலியில் கிடைத்த அரை ஆயுளை, அதாவது ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையும் நேரத்தை, வைத்து மனிதருக்கு டோஸ் கணக்குப் போடவும் முடியாது.

அதற்குப் பிறகுதான் பன்றி. அதன் இதயம் அளவிலும் துடிப்பிலும் நம்முடையதற்கு நெருக்கம். பலூனால் முன்புற இதயத் தமனியை 90 நிமிடம் அடைத்துத் திறந்து மாரடைப்பை உண்டாக்குவார்கள். ஆனால் பண்ணைப் பன்றிக்குட்டி வாரத்துக்கு வாரம் வளரும், இதயமும் கூடவே பெருக்கும். எட்டு வாரம் கழித்து அறை பெரிதாகத் தெரிந்தால் அது நோயா வளர்ச்சியா என்ற குழப்பம் வரும்; அதனால்தான் விலை கூடினாலும் குட்டை இனப் பன்றிகளைத் தேடுகிறார்கள்.