மென்பொருளைப் பார்க்காமலே மதிப்பெண் போடுவது எப்படி?

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியிலோ வெளிவட்டச் சாலையிலோ ஏதாவது ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தின் வரவேற்பறையில் உட்கார்ந்து பாருங்கள். சுவரில் 'சிஎம்எம்ஐ நிலை 5' என்று சட்டம் போட்ட தாள் ஒன்று தொங்கும். நிறுவனங்கள் வேலை செய்யும் முறைக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடும் அளவுகோல்தான் சிஎம்எம்ஐ. இண்டர்வியூவுக்கு வந்து காத்திருக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்ததும் 'பெரிய கம்பெனி' என்று முடிவுகட்டிவிடுவார்கள். ஆனால் இங்கே எழுதப்படும் நிரலில் (கோடில்) பிழை (பக்) இருக்காது என்று அந்த 5 சொல்லவில்லை. அந்த எண்ணைக் கொடுத்தவர்கள் இந்த நிறுவனத்தின் மென்பொருளை ஒருமுறை ஓட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் பார்த்தது அதைச் செய்யும் விதத்தை. இந்த மதிப்பீட்டுக்கும் அப்ரைசல் என்றுதான் பெயர். ஆனால் சம்பள உயர்வுக்கு நடக்கும் அப்ரைசல் வேறு, இந்த அப்ரைசல் வேறு. இங்கே பரிசோதனைக்கு உட்காருவது ஆள் அல்ல, அமைப்பு.

பொருளைப் பார்க்காமல் செய்முறையைப் பார்க்கும் இந்த யோசனை எங்கிருந்து வந்தது? 1980-களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு தலைவலி இருந்தது. போர் விமானம், ரேடார், ஏவுகணை என்று எல்லாவற்றுக்குள்ளும் மென்பொருள் புகுந்துவிட்டது. ஒப்பந்தம் எடுத்தவர்களோ சொன்ன தேதிக்குத் தருவதில்லை, சொன்ன செலவுக்குள் முடிப்பதும் இல்லை. டெண்டர் போடும்போது எல்லோரும் ஒரே மாதிரிதான் வாக்குக் கொடுப்பார்கள். அவர்களில் யாரால் உண்மையிலேயே முடியும் என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது? எழுதப்படாத மென்பொருளைச் சோதிக்க முடியாது. எழுதும் பழக்கத்தைச் சோதிக்கலாம்.

இதற்காகப் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1984-இல் மென்பொருள் பொறியியல் நிறுவனம் ஒன்று அரசுப் பணத்தில் தொடங்கப்பட்டது. ஐபிஎம்மில் நெடுங்காலம் வேலை பார்த்த வாட்ஸ் ஹம்ஃப்ரி 1986-இல் அங்கே சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஒரு கேள்விப் பட்டியலும் ஐந்து படிகள் கொண்ட ஒரு வரைவும் வந்தன. படிக்கட்டு வைக்கும் யோசனை ஹம்ஃப்ரிக்கு முன்பே இருந்ததுதான். தொழிற்சாலைத் தரம் பற்றி எழுதிய ஃபிலிப் கிராஸ்பி 1979-இலேயே ஐந்து நிலைகள் கொண்ட முதிர்ச்சி அட்டவணை ஒன்றைப் போட்டிருந்தார். 1991-இல் சிஎம்எம் (திறன் முதிர்ச்சி மாதிரி) என்ற பெயரில் அந்த வரைவு முழுமையாக வெளிவந்தது. 2000-இல் அதை மற்றப் பொறியியல் துறைகளோடு சேர்த்து சிஎம்எம்ஐ ஆக்கினார்கள். இப்போது அது ஐசாகா என்ற அமைப்பின் கையில் இருக்கிறது. 2023-இல் மூன்றாம் பதிப்பு வந்தது.

முதன்முதலில் ஐந்தாம் நிலையைத் தொட்டது, விண்வெளி ஓடத்துக்கு மென்பொருள் எழுதிய ஹூஸ்டன் ஐபிஎம் குழு. ஆண்டு 1989. அங்கே ஒரு பிழை என்றால் உயிர் போகும். ஆகவே அதில் வியப்பில்லை. 1993-இல் அடுத்து அந்த இடத்துக்கு வந்தது நம் பெங்களூருவில் இருந்த மோட்டோரோலா பிரிவு. அதன்பின் இந்த ஊரில் ஒரு அலையே அடித்தது. காரணம் எளிது. வாடிக்கையாளர் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். வேலை நடக்கும் இடத்தையோ செய்பவர்களின் முகத்தையோ அவர் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவரிடம் 'நம்புங்கள்' என்று சொல்வதைவிட, அவர் நாட்டுப் பல்கலைக்கழகமே வகுத்த அளவுகோலைக் காட்டுவது சுலபம்.

ஐந்து நிலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதல் நிலையில் வேலை நடக்கும், ஆனால் யாராவது ஒரு கெட்டிக்காரர் இரவெல்லாம் விழித்திருந்தால்தான் நடக்கும். இரண்டாம் நிலையில் ஒவ்வொரு ப்ராஜெக்டும் திட்டம் போட்டு, மாற்றங்களைக் கணக்கில் வைத்து நடக்கிறது. மூன்றாம் நிலையில் நிறுவனம் முழுவதற்கும் பொதுவான ஒரு முறை இருக்கிறது, ப்ராஜெக்டுகள் அதைத் தங்களுக்கு ஏற்ப வெட்டித் தைத்துக்கொள்கின்றன. நான்காம் நிலையில் புள்ளியியல் வருகிறது. ஐந்தாம் நிலையில் அந்தப் புள்ளியியலை வைத்து முறையையே திருத்துகிறார்கள். கீழ்ப்படியில் ஏறாமல் மேல்படிக்குத் தாவ முடியாது.

சரி, எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? முறையான மதிப்பீட்டுக்கு, அதை நடத்தும் லீட் அப்ரைசர் (தலைமை மதிப்பீட்டாளர்) ஒருவரையும் சேர்த்துக் குறைந்தது நான்கு பேர் கொண்ட குழு வேண்டும். லீட் அப்ரைசர் உரிமம் பெற்றவர். குழுவில் மற்றவர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்களாகவே இருக்கலாம். வெளியாட்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, யார் எதை மழுப்புகிறார்கள் என்று உள்ளாளுக்குத்தான் தெரியும் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அவர்கள் வெறும் வழிகாட்டிகளாக இருந்துவிடக் கூடாது என்பதற்காக முடிவுகளை வாக்கெடுப்பில் எடுப்பதில்லை. குழு முழுவதும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

மாதிரியில் ஒவ்வொரு நடைமுறையும் ஒரு வரியில் எழுதப்பட்டிருக்கும். தேவைகள் மாறும்போது அந்த மாற்றத்தை நிர்வகிக்க வேண்டும் என்பது ஒரு வரி என்று வைத்துக்கொள்வோம். எப்படி நிர்வகிப்பது என்று மாதிரி சொல்லாது, அது நிறுவனத்தின் பாடு. அப்ரைசர் தேடுவது இரண்டு வகை ஆதாரம். ஒன்று, வேலையின்போது தானாக உண்டான பொருள்: மாற்றக் கோரிக்கை, அதன் மேல் நடந்த விவாதம், திருத்திய திட்டம், கையொப்பம். இன்னொன்று, அந்த வேலையைச் செய்தவர் வாயால் சொல்வது. ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் ஆதாரம் நிற்காது. தாள் மட்டும் இருந்தால் நேற்று இரவு தயாரித்ததாக இருக்கலாம். பேச்சு மட்டும் இருந்தால் சொல்லிக் கொடுத்த பாடமாக இருக்கலாம். இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதில்தான் இந்த முறையின் மூளை இருக்கிறது என்பேன்.

பேட்டி நடக்கும் அறையில் மேலாளரையும் அவருக்குக் கீழே வேலை செய்பவரையும் ஒன்றாக உட்கார வைக்க மாட்டார்கள். யார் என்ன சொன்னார் என்பது அறிக்கையில் வராது. அப்படியும் பயம் போவதில்லை. ஓசூரிலிருந்து தினமும் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வந்துபோகும் தம்பி தங்கைகள் இங்கே நிறைய. மதிப்பீட்டு வாரம் நெருங்கினால், தர முறைகளைப் பார்க்கும் குழுவில் உள்ள தமிழ் ஆட்களைக் கேன்டீனில் பிடித்துக்கொண்டு அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி:

"அக்கா, உள்ள போனா என்ன சொல்லணும்?"

"நீ தினமும் என்ன செய்றியோ அதைச் சொல்லு."

"அதைச் சொன்னா ஃபெயில் ஆயிடுமேக்கா?"

"அப்போ ஃபெயில் ஆகட்டும்டா."

இப்படிப் பதில் சொல்லும் அக்காக்கள் எல்லா நிறுவனங்களிலும் இருப்பதில்லை. ஆனால் தேர்ந்த அப்ரைசர் மனப்பாடப் பதிலை எளிதில் கண்டுபிடித்துவிடுவார். 'உங்கள் முறை என்ன' என்று அவர் கேட்பதில்லை. 'போன வாரம் கடைசியாக வந்த மாற்றத்தை யார் கொண்டுவந்தார்? அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்பார். பொதுவிதியை மனப்பாடம் செய்யலாம். போன வாரத்தை மனப்பாடம் செய்வது கடினம்.

ஆதாரங்களைச் சேர்த்தபின் ஒவ்வொரு நடைமுறையும் முழுமையாகவா, பெரும்பாலுமா, ஓரளவா அல்லது இல்லவே இல்லையா என்று குறிக்கப்படும். முடிவாகச் சொல்வதற்கு முன் முதல்கட்டக் கண்டுபிடிப்புகளை ஊழியர்கள் முன் வைத்து, தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லச் சொல்வார்கள். இங்கே சராசரிக்கு இடமில்லை. பத்தொன்பது விஷயங்கள் பிரமாதமாக இருந்து, ஒன்று மட்டும் 'ஓரளவு' என்றால் அந்த நிலை கிடைக்காது. வலுவான இடம் பலவீனமான இடத்தைத் தூக்கிப் பிடிக்க விடுவதில்லை.

நான்காம் நிலைதான் இந்த மாதிரியின் அறிவியல் பகுதி. இதைத்தான் அதிகமானோர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நிறைய எண்களைச் சேகரித்து ஸ்லைடில் போட்டால் நான்காம் நிலை என்று ஓர் எண்ணம் இருக்கிறது. எண் எல்லா இடத்திலும் இருக்கிறது. கேள்வி, அந்த எண் ஏறி இறங்குவதற்கு என்ன பொருள் என்பதுதான்.

சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பஸ்ஸில் போகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் நாற்பது நிமிடம், இன்னொரு நாள் ஐம்பத்தைந்து, வேறொரு நாள் அறுபது. ஏன் இன்று அறுபது என்று அவர் ஆராய்வதில்லை. அந்தச் சாலையின் இயல்பே அப்படி. ஒரு நாள் இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டால் மட்டும் 'என்ன ஆச்சு' என்று கேட்கிறார். மழையில் தண்ணீர் தேங்கியிருக்கலாம், லாரி கவிழ்ந்திருக்கலாம். அமெரிக்காவில் பெல் தொலைபேசி நிறுவனத்துக்காக வேலை செய்த வால்டர் ஷூஹார்ட் 1924-இல் வரைந்த கட்டுப்பாட்டு வரைபடம் இந்த வேறுபாட்டைத்தான் கணக்காக்கியது. முந்தைய தரவுகளிலிருந்து சராசரியை எடுத்து, மேலும் கீழும் மூன்று திட்ட விலக்கத் (தரவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) தூரத்தில் இரண்டு கோடுகள் போட வேண்டும். கோடுகளுக்குள் ஆடுவது முறையின் இயல்பு. வெளியே போவதற்கு ஏதோ தனிக் காரணம் இருக்கிறது.

மென்பொருளில் இது எப்படி வேலை செய்கிறது? ஒரு குழு சக ஊழியர் எழுதிய நிரலை ரிவ்யூ செய்யும்போது, ஆயிரம் வரிக்குச் சராசரியாக எட்டு பிழைகள் கண்டுபிடிக்கிறது, வரம்பு மூன்றிலிருந்து பதின்மூன்று வரை என்று வைத்துக்கொள்வோம். இன்று ஒரு ரிவ்யூவில் ஒரே ஒரு பிழைதான் கிடைத்தது. சாதாரண மேலாளர் கைதட்டுவார். நான்காம் நிலையில் இருப்பவர் நெற்றியைச் சுருக்குவார். நிரல் அசாத்தியமாக நன்றாக இருந்திருக்கலாம். அல்லது ரிவ்யூ செய்தவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் பஸ் பிடிக்கும் அவசரத்தில் மேலோட்டமாகப் புரட்டியிருக்கலாம். எது என்று வரைபடம் சொல்லாது. எழுந்து போய்ப் பார் என்று மட்டும் சொல்லும். மறுபக்கம், பதினொரு பிழைகள் வந்ததற்காக ஒருவரைக் கூப்பிட்டுத் திட்டுவது வீண். பதினொன்று வரம்புக்குள்தான் இருக்கிறது. திட்டினால் அடுத்த முறை பிழைகள் குறையாது, பதிவு செய்வதுதான் குறையும்.

இந்த வரம்புகள் கையில் இருந்தால் முன்கூட்டியே கணிக்கவும் முடியும். ரிவ்யூவில் இத்தனை பிழைகள் பிடிபட்டால் கடைசிச் சோதனைக்கு எத்தனை தப்பிப் போகும் என்று பழைய தரவுகளிலிருந்து ஒரு சமன்பாடு அமைக்கலாம். பாதி வழியிலேயே கணிப்பு மோசமாக இருந்தால் அப்போதே ரிவ்யூவைக் கூட்டலாம். ஐந்தாம் நிலை இதற்கு மேலே ஒரு அடி: ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வந்தால் வேரைத் தேடி முறையை மாற்றுவது, மாற்றியபின் வரம்புகள் உண்மையிலேயே நகர்ந்தனவா என்று அதே வரைபடத்தில் காட்டுவது. நகரவில்லை என்றால் மாற்றம் வெறும் மாற்றம், முன்னேற்றம் அல்ல.

இனி ஓட்டைகள். மதிப்பீடு நடப்பது ஒரு நிறுவனத்துக்கு அல்ல, அதில் குறிப்பிட்ட ஒரு பிரிவுக்கு. வெளிவட்டச் சாலைக் கட்டடத்தின் ஒரு பிரிவு பெற்ற ஐந்தை, பல ஊர்களில் பரவிய கம்பெனி முழுவதும் மாட்டிக்கொள்வதைத் தடுக்கச் சுவரில் யாரும் காவல் நிற்பதில்லை. மதிப்பீட்டின் முடிவு மூன்று ஆண்டுகள்தான் செல்லும். ஆகவே அந்தத் தாளில் தேடவேண்டியது எண்ணை அல்ல, பிரிவின் பெயரையும் தேதியையும். முடிவுகளை வெளியிட ஒப்புக்கொண்ட அமைப்புகளின் விவரங்கள் பொது இணையதளத்தில் கிடைக்கின்றன. ஒருவர் அங்கே போய்ப் பார்த்தால் போதும்.

இன்னொரு ஓட்டை பெரியது. முன்பெல்லாம் எந்த ப்ராஜெக்டுகளைப் பரிசோதிப்பது என்று தெரிந்துவிட்டால், அந்த நாலைந்து ப்ராஜெக்டுகளுக்கு மட்டும் தடபுடலாக வெள்ளையடிக்க முடிந்தது. மதிப்பீட்டுக்கு முந்தைய மாதத்தில் ஆறு மாதக் கூட்டக் குறிப்புகளை ஒரே இரவில் எழுதிய கதைகள் பெங்களூருவில் ஏராளம். 2018-இல் வந்த இரண்டாம் பதிப்பு, எந்த ப்ராஜெக்டில் எதைப் பார்ப்பது என்ற தேர்வைத் தற்செயல் முறைக்கு மாற்றியது. இது முழுத் தீர்வு அல்ல. ஆனாலும் எதற்கு வெள்ளையடிப்பது என்று தெரியாதபோது வெள்ளையடிக்கும் செலவு ஏறிவிடுகிறது.

கார் உலகம் இதையே வேறு மாதிரி செய்கிறது. பாஷ், மெர்சிடிஸ்-பென்ஸ் போன்றவர்களின் பெங்களூரு மையங்களில் வேலை செய்பவர்களுக்கு ஆட்டோமோட்டிவ் ஸ்பைஸ் என்ற பெயர் பழக்கம். ஜெர்மன் கார் நிறுவனங்கள் தங்களுக்கு மென்பொருள் தருபவர்களைச் சோதிக்கப் பயன்படுத்துவது இது. அமைப்பு முழுவதற்கும் ஒரே எண் கிடையாது. ஒரு குறிப்பிட்ட ப்ராஜெக்டில் ஒவ்வொரு செயல்முறைக்கும் தனி எண், 0 முதல் 5 வரை. ஒவ்வொரு நிலைக்கும் உரிய பண்புகள் உண்டு, ஒவ்வொரு பண்பும் எவ்வளவு நிறைவேறியது என்பதற்குச் சதவீதம் இருக்கிறது: 15 வரை இல்லை, 50 வரை ஓரளவு, 85 வரை பெரும்பாலும், அதற்கு மேல் முழுமை. இரண்டாம் நிலைக்கு, முதல் நிலைப் பண்பு 'முழுமை' ஆகவும் இரண்டாம் நிலைப் பண்புகள் 'பெரும்பாலும்' என்பதற்குக் குறையாமலும் இருக்க வேண்டும். வேறு ஏதோ பிரிவில் வாங்கிய பெயர் இங்கே செல்லாது என்பதால், காசு கொடுக்கிறவர் கோணத்திலிருந்து எனக்கு இதுவே நேர்மையானதாகப் படுகிறது.

மென்பொருளைச் சிறு சிறு சுற்றுகளாக எழுதும் அஜைல் முறை வந்தபின் இந்த மதிப்பீடுகளெல்லாம் பழங்கதை என்று சொல்பவர்கள் உண்டு. கோப்புகளை அடுக்கினால்தான் தேர்ச்சி என்று அவர்கள் நினைக்கிறார்கள். மாதிரி கேட்பது கோப்புக் குவியலை அல்ல. நடந்ததற்கு ஆதாரத்தைத்தான். வேலைகளைப் பதிவுசெய்யும் ஜிரா என்ற மென்பொருளில் ஒரு டிக்கெட் (வேலைப் பதிவு) எப்போது திறந்தது, யார் கருத்து எழுதினார், எப்போது மூடியது என்பது மணி, நிமிடத்தோடு பதிவாகிக் கிடக்கிறது. ஆறு மாதக் குறிப்பை ஒரே இரவில் எழுதலாம். ஆறு மாத டிக்கெட் வரலாற்றை அவ்வளவு சுலபமாக ஒரே இரவில் உண்டாக்க முடியாது. இன்று கெட்டிக்கார அப்ரைசர் பேட்டி அறைக்குள் நுழைந்ததும் அச்சடித்த தாளைக் கேட்பதில்லை. திரையைத் திறக்கச் சொல்லி, பட்டியலில் ஏதோ ஒரு டிக்கெட்டைக் காட்டி, 'இதை எடுங்க, கதையைச் சொல்லுங்க' என்கிறார்.