திரும்பி வரவேண்டிய பணத்துக்கு எதற்கு ஜி.எஸ்.டி.? சிலிண்டர் டிபாசிட் பற்றி வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கு

ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலை 1-ஆம் தேதி. இத்தனை வருடம் கழித்தும் சிலிண்டர் டிபாசிட்டுக்கு 18 சதவீதம் வரி போட்ட பில்லோடு ஆட்கள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

கடைசியாக வந்தவர் கோவை கணபதி பக்கம் கேட், கிரில் செய்யும் சின்னப் பட்டறைக்காரர். வயதாகிவிட்டதால் பட்டறையை மூடுகிறார். இரண்டு ஆக்சிஜன், ஒரு டி.ஏ. (வெல்டிங்குக்கான அசிட்டிலீன் காஸ்), ஒரு ஆர்கான் என நான்கு சிலிண்டர்களையும் காஸ் ஏஜென்சியில் திருப்பிக் கொடுத்தார். 2019-ல் அவர் கட்டியது டிபாசிட் 40,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. 7,200 ரூபாய். கைக்கு வந்தது 40,000 மட்டும். மீதியைக் கேட்டதற்கு, "அது வரிங்கண்ணா, கவர்மெண்டுக்குப் போயிடுச்சு" என்று பதில். அவரிடம் ஜி.எஸ்.டி. பதிவு கிடையாது, எனவே இன்புட் எடுக்கவும், அதாவது வாங்கும்போது கட்டிய வரியைத் தான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. 7,200 ரூபாய் அவருடைய சொந்தப் பணம், நஷ்டமாகிப் போனது.

சட்டம் இதில் குழப்பமே இல்லாமல் இருக்கிறது. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 2(31) பிரிவு, எதெல்லாம் ஒரு பொருளுக்கோ சேவைக்கோ கொடுக்கும் பிரதிபலன் என்று சொல்கிறது. அதோடு ஒரு விதிவிலக்கும் சேர்த்திருக்கிறது: டிபாசிட்டாகக் கொடுத்த தொகை, விற்பவர் அதை விலையாகவோ கட்டணமாகவோ வரவு வைத்துக்கொள்ளும் வரை, பிரதிபலன் ஆகாது. பிரதிபலன் இல்லாத இடத்தில் வரி போட எதுவும் இல்லை. தமிழ்நாட்டுச் சட்டத்திலும் இதே வாசகம்தான்.

பிறகு ஏன் வரி போடுகிறார்கள்? எனக்குக் கோபம் வருவது இங்கேதான். "பில்லில் ஏறிவிட்டால் வரி போட்டே ஆகணும்" என்று ஒரு நம்பிக்கை கடைக்காரர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. வரி வருவது பில்லால் அல்ல. ஒரு பொருள் கைமாறினால், ஒரு சேவை நடந்தால், அதற்குக் கொடுக்கும் விலைக்கு வரி. டிபாசிட்டில் எது கைமாறியது? சிலிண்டர் இன்னும் ஏஜென்சியுடையது. உள்ளே இருக்கும் காஸ் உங்களுடையது, அதற்குத் தனியாகப் பில் போட்டு 18 சதவீதம் வாங்கியும் ஆகிவிட்டது. சிலிண்டரை ஒழுங்காகத் திருப்பிக் கொண்டுவருவீர்கள் என்பதற்கான ஈடுதான் டிபாசிட். கடைக்காரரின் கணக்கில் அது வருமானமே இல்லை, உங்களுக்கு அவர் திருப்பித் தரவேண்டிய கடன்.

பாதிப் பிரச்சினை பில் போடும் சாஃப்ட்வேரில் தொடங்குகிறது. டிபாசிட்டைப் பொறுப்புக் கணக்காக, அதாவது ஒரு லெட்ஜராக வைக்கவேண்டும். ஆனால் யாரோ ஒருவர் முதல் நாளே அதை ஸ்டாக் ஐட்டமாக உருவாக்கி, இரும்பு சிலிண்டருக்கான 7311 என்ற எச்.எஸ்.என். எண்ணை (வரிக்காகப் பொருட்களை வகைப்படுத்தும் எண்) கொடுத்துவிடுகிறார். அதற்கப்புறம் பில் போடும் பையன் என்ன செய்வான்? பட்டனைத் தட்டினால் 18 சதவீதம் தானாக ஏறுகிறது. "சிஸ்டம் அப்படித்தான் எடுக்குது சார்" என்கிறார்கள். சிஸ்டத்துக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

அந்த 7311-இல் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அந்த எண்ணில் வரியோடு பில் வாங்கினால், காகிதத்தின்படி ஏஜென்சி உங்களுக்குச் சிலிண்டரையே விற்றுவிட்டது. நாளைக்கு டிபாசிட்டைக் கேட்கும்போது "நாங்க வித்துட்டோமே, பில்லைப் பாருங்க" என்று சொல்ல அவர்களுக்கு இடம் கிடைக்கிறது. நிஜமாகவே விற்பவர்களும் உண்டு. சிலிண்டரைச் சொந்தமாக வாங்கினால் வரி சரியே, அதில் தகராறு இல்லை. அதனால் பணம் கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தச் சிலிண்டர் யாருடையது?" ஏஜென்சியுடையது என்றால் டிபாசிட்டுக்கு வரி கிடையாது.

இதைப் புரியவைக்க நான் எப்போதும் வீட்டு காஸ் இணைப்பைத்தான் காட்டுவேன். 14.2 கிலோ சிலிண்டருக்கு 2022 ஜூனில் டிபாசிட்டை 1,450 ரூபாயிலிருந்து 2,200 ரூபாயாக உயர்த்தினார்கள். அந்த டிபாசிட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. உள்ளே இருக்கும் காஸுக்கு வரி உண்டு. உங்கள் சமையலறையில் சரியாக இருப்பது பட்டறையில் மட்டும் எப்படி மாறும்?

"அட்வான்ஸுக்கு வரி உண்டே" என்று சிலர் வாதாடுவார்கள். அட்வான்ஸ் என்பது பிறகு வரும் பில்லில் கழிந்துபோகும் பணம். டிபாசிட் கழியாது, அப்படியே நிற்கும். போகட்டும், காஸ் போன்ற பொருளுக்கு வாங்கும் அட்வான்ஸுக்குக்கூட, வாங்கும் அன்றே வரி கட்டத் தேவையில்லை என்று 2017 நவம்பர் 15-ஆம் தேதி அறிவிக்கை வந்தாகிவிட்டது. இந்த வாதம் எந்தப் பக்கம் போனாலும் நிற்காது.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ள பட்டறைக்காரர்கள், "சரி விடுங்க, நான் இன்புட் எடுத்துக்கறேன்" என்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நடக்காத சப்ளைக்குப் போட்ட வரியில் இன்புட் எடுத்தால், தணிக்கைக்கு வரும் அதிகாரி அதை மறுக்கலாம். மறுத்தால் வரியோடு வட்டியும் சேர்ந்து கட்டவேண்டியது நீங்கள்தான். காம்போசிஷன் முறையில், அதாவது மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறையில் இருப்பவர்களுக்கு இன்புட் என்ற பேச்சே கிடையாது. கோவையில் எனக்குத் தெரிந்த சின்னப் பட்டறைகளில் பெரும்பாலானவை ஒன்று பதிவு இல்லாதவை, இல்லையென்றால் காம்போசிஷன். இந்த வரியின் முழுச் சுமையும் விழுவது அவர்கள் தலையில்.

எல்லாவற்றையும்விட மோசமானது காலக்கெடு. தவறாகப் போட்ட வரியை ஏஜென்சி கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டு) போட்டுத் திருப்பலாம், 34-வது பிரிவு அதற்கு வழி கொடுக்கிறது. ஆனால் பில் போட்ட நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் அது ரிட்டர்னில் ஏறவேண்டும். அதற்கு முன்பே அவர்கள் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்துவிட்டால் கதவு அன்றே சாத்தப்பட்டுவிடும். காய்கறிக் கடை பில்லாக இருந்தால் இந்த அவகாசம் போதும். சிலிண்டர் டிபாசிட் அப்படியா? பட்டறை ஓடும் வரை, ஐந்து வருடமோ பத்து வருடமோ, அப்படியே கிடக்கும். திருப்பிக் கேட்கும் நாளில் கெடு எப்போதோ முடிந்திருக்கும். கணபதிக்காரருக்கு நடந்தது இதுவே. கடைக்காரர் ஏமாற்றவில்லை, வாங்கிய வரியை அரசுக்குக் கட்டிவிட்டார், கையிலிருந்து தர அவருக்கு மனமில்லை.

வரி எப்போது நியாயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிலிண்டர் வாடகைக்கு வரி உண்டு. குறித்த நாளுக்கு மேல் வைத்திருந்ததற்கு வாங்கும் கட்டணத்துக்கும் பெரும்பாலும் வரி போடுவார்கள், தவறில்லை. வருடா வருடம் டிபாசிட்டில் இவ்வளவு கழிப்போம் என்று ஒப்பந்தம் இருந்தால், கழிக்கும் தொகைக்கு, கழிக்கும்போது வரி. சிலிண்டர் தொலைந்து, டிபாசிட்டை அதன் விலையாக வரவு வைத்துக்கொண்டால் அப்போது வரி. அது விலையல்ல, வெறும் நஷ்டஈடு என்று வாதாட 2022 ஆகஸ்டில் வந்த 178-ஆம் எண் சுற்றறிக்கை இடம் கொடுக்கிறது, ஆனால் அது உங்கள் ஆடிட்டரோடு உட்கார்ந்து பேசவேண்டிய சமாச்சாரம்.

டிபாசிட்டுக்குத் தனி ரசீது கேளுங்கள். காஸ் பில்லோடு கலக்க விடாதீர்கள். ரசீதில் எந்த காஸ், எந்த அளவு, எத்தனை சிலிண்டர், "திருப்பித் தரத்தக்க டிபாசிட்" என்ற வார்த்தை, இவ்வளவும் இருக்கட்டும். சிலிண்டர் எண்ணை நம்பாதீர்கள், ஒவ்வொரு ரீஃபில்லுக்கும் வேறு சிலிண்டர்தான் கைக்கு வரும். காலி சிலிண்டர் திருப்பும்போது கையெழுத்தோடு சலான் வாங்குங்கள். வாயால் சொன்னதை நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள். ரசீதை லேமினேட் செய்து வையுங்கள், பட்டறை எண்ணெயும் தூசியும் பட்டு எழுத்து அழிந்துபோன ரசீதுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஏஜென்சிக்காரர்களே, உங்களுக்கும் இதில் பத்துப் பைசா லாபமில்லை. வரி என்று சொல்லி வாங்கிவிட்டுக் கட்டாமல் வைத்திருந்தால் 76-வது பிரிவு உங்கள் மீது பாயும். கட்டிவிட்டால் பணம் அரசிடம், கெட்ட பெயர் உங்களிடம். அந்த ஐட்டத்தை லெட்ஜராக மாற்ற உங்கள் அக்கவுண்டண்டுக்கு அரைமணி நேரம் ஆகாது. இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள்.

இந்த நிதியாண்டிலோ போன நிதியாண்டிலோ வரியோடு டிபாசிட் கட்டியவர்கள் பில்லை எடுத்துத் தேதியைப் பாருங்கள். கெடு தாண்டவில்லை என்றால், கிரெடிட் நோட் கேட்டு ஏஜென்சிக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் அவர்கள் முத்திரை வாங்கி வையுங்கள். நவம்பர் கடைசி வாரத்தில் போய் நின்றால் அவர்கள் ஆடிட்டர் போனையே எடுக்கமாட்டார்.