ஊசியில் ஏறிய எண்ணெய்

ரங்கூனில் மின்சாரம் போகும் மாலைகளில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது ஒரு சொட்டு விரலில் விழும். ஆறியதும் உரித்து எறிந்துவிடலாம். அதே பொருள் தோலுக்கு அடியில் போய்விட்டால் உரிக்க வழியில்லை.

தாய்லாந்து மீன்பிடிப் படகில் இரண்டு வருஷம் உழைத்துவிட்டுத் திரும்பிய எங்கள் தெருப் பையன், என் மருந்துக் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்தான். "அண்ணே, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயை ஊசியில் ஏற்றினால் ஆண்குறி பருமனாகுமாமே, உண்மையா?"

ஆகும். வம்பே அதில்தான் தொடங்குகிறது.

மெழுகுவர்த்தி, வாஸ்லின், பாட்டிலில் விற்கும் பல கூந்தல் எண்ணெய்களில் கலக்கும் திரவ பாரஃபின் எல்லாம் பெட்ரோலியத்தின் பிள்ளைகள். ஆற்றுக்கு அக்கரையில், நம் தாத்தாக்கள் கூலிக்குப் போன சிரியம் சுத்திகரிப்பு ஆலையிலும் இந்த மெழுகு பிறந்ததுண்டு. இதை உடம்பில் ஏற்றும் யோசனை மட்டும் வியன்னாவிலிருந்து வந்தது. 1899-இல் கெர்சூனி என்ற அறுவை மருத்துவர், காசநோயால் விதைகளை இழந்த ஓர் இளைஞனுக்கு, வெறும் தோற்றத்துக்காக விதைப்பையில் வாஸ்லின் ஏற்றினார். பார்க்க நன்றாக இருந்தது. பிறகு சப்பை மூக்குக்கும் முகச் சுருக்கத்துக்கும் ஊசி போட ஆரம்பித்தார்கள். சில வருஷங்களில் கட்டிகளும் புண்களும் கிளம்ப, மருத்துவர்கள் கைவிட்டார்கள். படகிலும் சிறையிலும் இன்னும் கைவிடவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். அந்நியப் பொருளைக் கண்டதும் மேக்ரோஃபேஜ் என்ற காவல் அணுக்கள் ஓடிவந்து எண்ணெய்த் துளிகளை விழுங்கும். ஆனால் பாரஃபினைச் செரிக்கும் நொதி நம் உடம்பில் இல்லை. விழுங்கியதைச் செரிக்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவை ஒன்றோடொன்று சேர்ந்து பூத அணுக்களாகும். சுற்றிலும் நார்த்திசு மதில் எழும். பையன்கள் பெருமைப்படும் அந்தப் பருமனில் எண்ணெயோடு வீக்கமும் தழும்பும் சேர்ந்தே இருக்கின்றன.

இடமும் மோசமான இடம். ஆண்குறித் தோலுக்குக் கீழே மெத்தை போலக் கொழுப்பு கிடையாது. விறைக்கும்போது நீளவும் நகரவும் வேண்டும் என்பதற்காகவே அந்தத் தோல் தளர்ந்து கிடக்கிறது. தழும்பு அதை உள்ளே ஒட்டவைத்துவிடும். முன்தோல் பின்னால் போகாது, விறைப்பு வலிக்கும், ரத்தம் குறைந்த தோல் புண்ணாகும். எண்ணெய் விதைப்பைக்கும் அடிவயிற்றுக்கும் நகர்வதுண்டு. சிலருக்கு இந்தக் கட்டிகளே வைட்டமின் டி-யைத் தூண்டிவிட்டு ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதெல்லாம் சில மாதத்திலும் வரலாம், இருபது வருஷம் கழித்தும் வரலாம். ஊசியைப் பலர் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் தனிக்கணக்கு.

உறிஞ்சி எடுக்கவும் முடியாது. எண்ணெய் ஊறிய தோலை அறுத்து எடுத்து, தொடையிலிருந்தோ விதைப்பையிலிருந்தோ தோல் எடுத்து மூட வேண்டும். சில சமயம் இரண்டு அறுவை சிகிச்சை.

இப்போது கிளினிக்குகளில் பருமனுக்காகப் போடும் ஹையலுரோனிக் அமில ஜெல் வேறு ஜாதி. அது நம் உடம்பிலேயே உள்ள பொருளிலிருந்து செய்வது. மெல்லக் கரைந்துவிடும், அவசரமென்றால் ஹையலுரோனிடேஸ் என்ற நொதியை ஏற்றிக் கரைக்கலாம். அதற்காக அது விளையாட்டல்ல. கிருமி புகும், கட்டி தட்டும், ஜெல் ரத்தக் குழாயை அடைத்தால் தோல் செத்துப்போகும். நீளமும் அதிகமாகாது. போட நினைப்பவர் குப்பியில் எழுதியிருக்கும் பெயரைப் படிக்க வேண்டும், கரைக்கும் மருந்து கைவசம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பதில் மழுப்பலாக இருந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.

இவ்வளவும் கேட்டுவிட்டுப் பையன் தரையைப் பார்த்தபடி, "அந்தக் கரைக்கும் மருந்து எண்ணெயையும் கரைக்குமா, அண்ணே?" என்றான்.

கரைக்காது. அது அந்த ஜெல்லுக்கு மட்டும் செய்த சாவி. பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, அவனை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன்.