தஞ்சமாகும் பள்ளிக்கூடம்: மாடியின் உயரத்தை எங்கிருந்து அளப்பது?

கடலோரத்தில் கட்டப்படும் பள்ளி, சுனாமி வரும்போது ஊராருக்கும் தஞ்சமாக இருக்க வேண்டும் என்று முடிவானதும், எத்தனை மாடி என்ற பேச்சுதான் முதலில் எழும். கடலோரக் கட்டடங்களின் கட்டமைப்பு வடிவமைப்பில் பணிபுரியும் எனக்கு, அதற்கு முன்பே விடை காண வேண்டியதாகத் தோன்றுவது, நிலநடுக்கம் ஓய்ந்த பிறகு அந்தத் தரை எந்த மட்டத்தில் இருக்கும் என்பதே.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், தாழ்வான மணல் தீபகற்பம் ஒன்றில் அமைந்த வெஸ்ட்போர்ட் என்ற மீன்பிடித் துறைமுக ஊர் இதற்குத் தக்க சான்று. ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் அடியில் புகும் காஸ்கேடியா மண்டலம் கரைக்கு மிக அருகில் இருப்பதால், அங்கே பெரும் நிலநடுக்கம் நேர்ந்தால் சுமார் அரை மணி நேரத்தில் அலை வந்துவிடும். அதற்குள் சிறு பிள்ளைகளை மேட்டு நிலத்துக்கு நடத்திச் செல்வது இயலாது. எனவே 2013இல் ஊர் மக்கள் வாக்களித்து நிதிக்கு ஒப்புதல் தந்தார்கள். 2016இல் திறக்கப்பட்ட ஒகோஸ்டா தொடக்கப்பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்து மேல்தளம் ஆயிரம் பேருக்கு மேல் தாங்கும் தஞ்சமாக அமைந்தது. வட அமெரிக்காவில் இவ்வகையில் அதுவே முதலாவது.

இத்தகைய நிலநடுக்கத்தில், பல நூற்றாண்டுகளாக மேல்நோக்கி வளைந்திருந்த கரையோர நிலம் சில நிமிடங்களில் ஒன்று இரண்டு மீட்டர் வரை தாழக்கூடும். 1700 ஜனவரி 26 அன்று நேர்ந்த நிலநடுக்கத்தில் நிலம் தாழ்ந்து, வேர்களில் உப்புநீர் ஏறி, நின்ற நிலையிலேயே பட்டுப்போன தேவதாரு மரங்கள் கோபாலிஸ் ஆற்றங்கரையில் இன்றும் நிற்கின்றன. ஆகவே இன்றைய நில அளவையில் கிடைக்கும் தரைமட்டத்தை அப்படியே வரைபடத்தில் எழுதிக்கொண்டால், அந்தப் பிழை முழுவதும் தஞ்சத் தளத்தின் உயரத்தில்தான் வந்து விழும்.

அடுத்தது அலையைக் கணிப்பது. வட்டார அபாய வரைபடம் ஓரிடம் நனையுமா நனையாதா என்பதை மட்டும் காட்டும். வடிவமைப்பாளருக்கோ அந்த மனையில் நீரின் ஆழமும் வேகமும் தேவை. ஒகோஸ்டா பள்ளிக்காக வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த மனைக்கென்றே தனிக் கணிப்பைச் செய்தார்கள். வரைபடத்தை மட்டும் நம்புவதன் விலையை ஜப்பான் 2011 சுனாமியில் கண்டது. அபாயப் பகுதிக்கு வெளியே இருப்பதாகக் குறிக்கப்பட்டிருந்த ஒகாவா தொடக்கப்பள்ளியில் 74 குழந்தைகளும் 10 ஆசிரியர்களும் பலியானார்கள். அதே நாளில், கடலிலிருந்து சுமார் 700 மீட்டர் தொலைவிலிருந்த அராஹாமா பள்ளியின் இரண்டாம் தளம் வரை நீர் புகுந்தபோதும், மேல் தளங்களுக்கு ஏறிய சுமார் 320 பேர் உயிர் தப்பினார்கள்.

கணித்த வெள்ள மட்டத்தை 1.3ஆல் பெருக்கி, அதற்கு மேலும் குறைந்தது 3 மீட்டர் உயர்த்தியே தஞ்சத் தளம் அமைய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் அமெரிக்கக் கட்டடச் சுமைத் தரநூல் வகுத்தது. செலவைக் குறைக்கச் சொல்பவர்கள் முதலில் கைவைப்பது இந்தக் கூடுதல் உயரத்தில்தான். கணிப்பில் உள்ள ஐயத்துக்கு நாம் ஒதுக்கும் இடம் அது என்பதால், அதில் ஓர் அடிகூடக் குறைக்க நான் உடன்படுவதில்லை.

நம் கரைக்கு வெஸ்ட்போர்ட்டின் எண்கள் பொருந்தா. 2004இல் சுமத்ராவில் நிலம் நடுங்கி இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பிறகே தமிழ்நாட்டுக் கரையை அலை தொட்டது. நம் நிலமும் தாழவில்லை. இங்கே எச்சரிக்கை வந்து சேர்வதே பெரும் பொறுப்பு. ஆயினும் அந்தந்த மனைக்குத் தனிக் கணிப்பு வேண்டும் என்ற முறை எங்கும் ஒன்றே.

வெஸ்ட்போர்ட் போன்ற இடத்தில் கட்டடம் முதலில் நிலநடுக்கத்தைத் தாங்கி, பிறகுதான் அலையை எதிர்கொள்கிறது. நீர் ஊறிய மணல் குலுக்கத்தில் கூழாகும். ஓடும் நீர் அடித்தளத்தைச் சுற்றி மண்ணை அரிக்கும். துறைமுகத்துப் படகுகளும் மரத்தடிகளும் வந்து மோதும். அதனால்தான் அங்கே தரைக்குள் ஆழமாக இறக்கிய அடித்தளத் தூண்களான பைல்களும், கூடத்தின் நான்கு மூலைகளிலும் கனத்த கான்கிரீட் படிக்கட்டுக் கோபுரங்களும் அமைந்தன. அடுத்தடுத்து அலைகள் வருமாதலால், மக்கள் பல மணி நேரம், ஒருவேளை குளிர்கால இரவு முழுவதும், மேலேயே தங்க நேரும். மின்சாரம் போனால் லிஃப்டும் நின்றுவிடுமாகையால், நடக்க இயலாதவர்களை யார், எப்படி மேலே தூக்கிச் செல்வார்கள் என்பதையும், பள்ளி பூட்டியிருக்கும் நள்ளிரவில் ஊரார் படிக்கட்டை அடையும் வழியையும் வரைபடம் போடும் கட்டத்திலேயே பள்ளி நிர்வாகத்தோடு பேசித் தீர்த்து, படிகளின் அகலத்தையும் கதவுகளின் அமைப்பையும் அதற்கேற்ப முடிவு செய்ய வேண்டும்.