சொந்தத்தில் கல்யாணம் என்றால் தலசீமியா கணக்கே மாறிவிடும்

"ரெண்டு பேருக்குமே இருக்கணும்னா அது அபூர்வம்தானே டாக்டர்?" ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோய் தலசீமியா. நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவர் 'கேரியர்'; தாய், தந்தை இருவருமே கேரியர் என்றால்தான் குழந்தைக்கு நோய் தீவிரமாக வரும். அதனால் கல்யாணத்துக்கு முன் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சரி, எண்ணிப் பார்ப்போம்.

இந்தியாவில் நூற்றுக்கு 3 முதல் 4 பேர் பீட்டா தலசீமியா கேரியர்கள் என்பது பொதுவான மதிப்பீடு. 1000 ஆண்கள், 1000 பெண்கள், இரு பக்கமும் 40 கேரியர்கள் என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு பக்கத்துக்கு ஒருவரை எடுத்தால் அமையக்கூடிய ஜோடிகள் 10 லட்சம். இருவருமே கேரியராக அமைபவை 40 × 40 = 1600. அதாவது பத்தாயிரத்துக்கு 16.

ஆனால் நம் ஊரில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு ஜோடி சேர்ப்பதில்லையே. அத்தை மகனும் மாமன் மகளும் ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள். ஒருவர் கேரியர் என்றால், அதே மரபணு மற்றவரிடமும் இருக்க எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தாய்மாமனைக் கட்டினால் நான்கில் ஒரு பங்கு. பத்தாயிரம் பேரில் 400 பேர் கேரியர்; 400-இல் எட்டில் ஒரு பங்கு 50, நான்கில் ஒரு பங்கு 100. ஆக, பத்தாயிரத்துக்கு 16 என்பது முதல் வகையில் குறைந்தது 50 ஆகிறது, இரண்டாவதில் 100. ஒருவருக்கொருவர் தொடர்பில்லாதவர்களுக்குத்தான் நேரடிப் பெருக்கல் பொருந்தும். மூன்று முதல் ஆறேழு மடங்கு வரை ஆகும் ஆபத்தை 'அபூர்வம்' என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. "முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைக்குப் பயமில்லை" என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை, அடுத்த குழந்தைக்கும் அதே நான்கில் ஒன்றுதான். நோய் தீவிரமாக வந்த குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும்.

கேரியருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. லேசான ரத்தசோகை இருக்கும். அதை இரும்புச்சத்துக் குறைவு என்று எண்ணி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். ரத்த அணுக்களின் அளவு சிறியதாக இருந்தால், ஹீமோகுளோபின் ஏ2 பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அந்த ஏ2 வகை ஹீமோகுளோபின் 3.5 சதவீதத்துக்கு மேல் போனால் பெரும்பாலும் கேரியர்தான்.

இருவரும் கேரியர் என்று தெரிந்தால் கல்யாணத்தை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்வதில்லை. கர்ப்பமானதும் தாமதிக்காமல் வாருங்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தால் குழந்தையின் நிலை தெரிந்துவிடும்.