தம்மாத்தூண்டு பார்ட்டு, லட்சக்கணக்குல ரீகால்

ஆட்டோமேட்டிக் வண்டி, கியர் லிவரை பார்க்ல, அதாவது வண்டியை நகராம பூட்டற இடத்துல, போட்டாச்சு, சாவியை எடுத்தாச்சு, இறங்கி கதவையும் சாத்தியாச்சு, அப்புறம் பாத்தா வண்டி மெதுவா உருள ஆரம்பிக்குது. பேய்க்கதை ஒண்ணும் இல்ல. 2013லேர்ந்து 2019 மாடல் வரைக்குமான ஃபோர்டு எஸ்கேப்ங்கற காம்பாக்ட் எஸ்யூவியையும், அதே மாதிரி கேபிள் போட்ட இன்னும் சில கார்களையும் சேர்த்து, 2022 ஜூன்ல அமெரிக்காவுல மட்டும் 29 லட்சம் வண்டிங்களை ஃபோர்டு ரீகால் பண்ணது, அதாவது கோளாறைச் சரி பண்ண திரும்பக் கூப்பிட்டது, இதுக்காகத்தான். அத்தனைக்கும் காரணம் ஒரு புஷ். விரல் நுனி சைஸுல ஒரு பிளாஸ்டிக் வளையம்.

அது எங்க இருக்குன்னா, நாம ஆட்டுற லிவர்லேர்ந்து ஒரு கேபிள் இன்ஜின் பக்கம் போய், கியர்பாக்ஸ் மேல இருக்கற ஒரு சின்ன இரும்புக் கையை முன்னபின்ன தள்ளும். கேபிள் நுனியும் அந்தக் கையும் சேர்ற இடத்துல இரும்பும் இரும்பும் உரசாம இருக்க இந்தப் புஷ்ஷை மாட்டியிருப்பாங்க. சூடும் ஈரப்பதமும் சேர்ந்து வருஷக்கணக்கா அதைத் தின்னுட்டு வந்தா ஒரு நாள் உடைஞ்சு விழுந்துடும், அப்ப கேபிள் நுனி பிடி இல்லாம தனியா ஆடும். நீங்க லிவரை பார்க்குக்கு தள்ளுனா கேபிள் ஒழுங்கா நகரும், கியர்பாக்ஸுக்கு மட்டும் சேதியே போகாது. உள்ள ஒரு பல்சக்கரத்துல கொக்கி மாதிரி ஒரு பல்லு விழுந்து மாட்டணும், அதுதான் பார்க், அந்தப் பல்லு விழவே இல்ல. இதுல கொடுமை என்னன்னா எந்த எச்சரிக்கை விளக்கும் எரியாது, சத்தமும் வராது, லிவர் பாக்க கரெக்டான இடத்துலதான் இருக்கும். ஹேண்ட்பிரேக் போடற பழக்கம் இருக்கறவங்க தப்பிச்சாங்க. தீர்வும் அதே அளவுக்குச் சின்னது, புதுப் புஷ், அது மேல ஒரு மூடி, அவ்வளவுதான்.

இந்த மாதிரி ரீகால் விவரங்களை படிக்கப் படிக்க எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. உடையற பார்ட்டு எவ்வளவு பெருசுங்கறது முக்கியமே இல்ல, அதுக்குப் பக்கத்துல என்ன இருக்குங்கறதுதான் விஷயம். காம்பாக்ட் எஸ்யூவில இது இன்னும் மோசம். வெளிய உசரமா, பெரிய வண்டி மாதிரி தெரியும், ஆனா பானெட்டைத் தூக்கிப் பாருங்க, சாதா கார் அளவு இடத்துக்குள்ள டர்போ (இன்ஜினுக்குள்ள காத்தைத் திணிக்கற விசிறி), பேட்டரி, ஏபிஎஸ் பெட்டி (பிரேக் பிடிக்கறப்ப சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கறது), வயர் கட்டு எல்லாத்தையும் கை போக இடமில்லாம அடைச்சு வச்சிருப்பாங்க. ஒண்ணு கசிஞ்சா இன்னொண்ணு மேலதான் விழும்.

அதுக்கு நல்ல உதாரணம் மறுபடியும் எஸ்கேப்தான், இந்த தடவை 2020லேர்ந்து 2023 மாடல் வரைக்கும், கூடவே ப்ராங்கோ ஸ்போர்ட், மூணு சிலிண்டர் 1.5 லிட்டர் இன்ஜின் போட்டது. பழைய இன்ஜின்ல பெட்ரோலை சிலிண்டருக்கு வெளிய, காத்து வர்ற வழியில தெளிப்பாங்க, அதுக்கு 3, 4 பார் அழுத்தம் (நம்மைச் சுத்தி இருக்கற காத்தோட அழுத்தம் சுமார் ஒரு பார்) போதும். இப்ப வர்ற டைரக்ட் இன்ஜெக்‌ஷன்ல சிலிண்டருக்கு உள்ளயே நேரா பீச்சணும், அதுக்கு நூத்துக்கணக்கான பார் வேணும். அவ்வளவு அழுத்தத்துல பெட்ரோலைப் பீச்சற இன்ஜெக்டர் உடம்புல ஒரு கீறல் விட்டா என்ன ஆகும், பெட்ரோல் வெளிய கசியும், பக்கத்துலயே எக்ஸாஸ்ட்டும் டர்போவும் பல நூறு டிகிரி சூட்டுல இருக்கு, தீப்பொறியே வேண்டாம். 2022 நவம்பர்ல அமெரிக்காவுல சுமார் 5 லட்சத்து 20 ஆயிரம் வண்டிங்களை கூப்பிட்டாங்க. ஆனா அதுக்குக் குடுத்த தீர்வைப் பாருங்க, இன்ஜெக்டரை மாத்தல. பெட்ரோல் லைன்ல அழுத்தம் திடீர்னு குறைஞ்சா கண்டுபிடிச்சு டிரைவருக்குச் சொல்ற மாதிரி சாஃப்ட்வேர், அப்புறம் கசியற பெட்ரோல் சூடான இடத்துல விழாம கீழ தரைக்கு ஓடிப்போக ஒரு டியூப். அதாவது கீறல் விடும்னு ஒத்துக்கிட்டு, விட்டா எங்க ஒழுகணும்னு வழி போட்டுக் குடுத்திருக்காங்க. நிறைய ஓனருங்க கடுப்பானதுல ஆச்சரியமே இல்ல. இன்ஜினியர் கண்ணுல பாத்தா அதுலயும் ஒரு லாஜிக் இருக்கு, நெருப்புக்கு பெட்ரோலும் வேணும் சூடும் வேணும், ரெண்டையும் பிரிச்சு வச்சுட்டா போதும். ஆனா என் வண்டியா இருந்தா நான் இன்ஜெக்டரைத்தான் மாத்தச் சொல்லி சண்டை போட்டிருப்பேன்.

பேட்டரி விஷயம் இன்னும் தமாஷ். டொயோட்டா ராவ்4, 2013லேர்ந்து 2018 மாடல், 2023 நவம்பர்ல அமெரிக்காவுல சுமார் 18 லட்சத்து 50 ஆயிரம் வண்டி. இதுல டொயோட்டா வச்ச பேட்டரில கோளாறுன்னு கூட சொல்ல முடியாது. சில வருஷம் கழிச்சு நாம பேட்டரி மாத்துவோம்ல, அப்ப அதே சைஸ் நம்பர் போட்ட பேட்டரிங்கள்லயே சிலதுக்கு மேல்பக்கம் மட்டும் கொஞ்சம் சின்னதா இருக்கும். அதை வாங்கி வச்சு, மேல பிடிச்சுக்கற இரும்பு கிளாம்பையும் சரியா முறுக்காம விட்டா, வேகமா வளையறப்ப பேட்டரி நகரும். நகர்ந்து ப்ளஸ் டெர்மினல் போய் கிளாம்பைத் தொட்டா ஷார்ட். கார் பேட்டரி 12 வோல்ட்டுதானே, கைல தொட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு நினைப்போம், சரிதான், உடம்போட மின்தடை அதிகம், அதனால ஒண்ணும் ஆகாது. ஆனா இரும்பு கிளாம்பு உடம்பு இல்லையே. வழியில மொத்தத் தடையும் ஒரு ஓம்ல நூறுல ஒரு பங்குன்னு வச்சுக்குங்க, 12ஐ 0.01ஆல வகுத்தா 1200 ஆம்பியர். வீட்டு பிளக்குக்கு 15, 16 ஆம்பியர்தான் அதிகபட்சம். அந்த 1200 ஆம்பியர் தொட்டுக்கிட்டிருக்கற ஒரு சின்ன புள்ளி வழியா போறப்ப அது வெல்டிங் மெஷினேதான். பேட்டரி மாத்தினவங்க போய் பானெட்டைத் திறந்து, பேட்டரியை ரெண்டு கையால பிடிச்சு அசைச்சுப் பாருங்க. துளி ஆட்டம் இருந்தாலும் தப்பு.

வண்டியை ஆஃப் பண்ணிட்டா எல்லாம் ஆஃப்னு நினைக்கறது இன்னொரு பிரமை. ஏபிஎஸ்ஸோட ஹைட்ராலிக் பெட்டிக்கு பேட்டரிலேர்ந்து நேரா கரண்ட் வந்துக்கிட்டே இருக்கற மாதிரி வச்சிருப்பாங்க, சாவி இருந்தாலும் இல்லன்னாலும். அந்தப் பெட்டிக்குள்ள ஒரு பக்கம் பிரேக் ஆயில் ஓடுது, ஒட்டி இன்னொரு பக்கம் சர்க்யூட் போர்டு. நடுவுல இருக்கற சீல் விட்டு ஆயில் போர்டு மேல ஏறினாலோ ஈரம் புகுந்தாலோ உள்ளுக்குள்ளயே ஷார்ட் ஆகும், நின்னுக்கிட்டு இருக்கற வண்டி தானா பத்திக்கும். ஹூண்டாய் டூசான் இதுக்கு 2020லயே ரீகால் ஆச்சு, 2023 செப்டம்பர்ல ஹூண்டாயும் கியாவும் சேர்ந்து அமெரிக்காவுல 33 லட்சத்துக்கும் மேல கூப்பிட்டாங்க, அதுல பல மாடல் இருந்துச்சு. ரிப்பேர் ஆகற வரைக்கும் வண்டியை வீட்டை விட்டு தள்ளி, திறந்த வெளியில நிறுத்துங்கன்னு சொல்லிட்டாங்க. ஹூண்டாய் குடுத்த தீர்வு ஃபியூஸ் மாத்தறது, கம்மி ஆம்பியர் ஃபியூஸ் போட்டா ஷார்ட் ஆனதும் அது சட்டுனு உருகி கரண்ட்டை வெட்டிடும். இதுலயும் அதே தத்துவம்தான், கசிவை நிறுத்தல, அதுக்கு அடுத்து நடக்கறதை நிறுத்தறாங்க.

நிஸான் ரோக் கதை ஷூலேர்ந்து ஆரம்பிக்குது. பனிக்காலத்துல ரோட்டுல உப்பு தூவற ஊர்ல, ஷூல ஒட்டுன பனி டிரைவர் காலடி கார்ப்பெட்ல உருகும். அந்த உப்புத்தண்ணி டேஷ்போர்டு பக்கம் போற வயர் கட்டு மேல சுத்தியிருக்கற டேப்பைப் பிடிச்சு விளக்குத் திரி எண்ணெயை இழுக்கற மாதிரி மெல்ல மேல ஏறி கனெக்டருக்குள்ள போயிடும். அங்க துரு, அதுக்கப்புறம் ஜன்னல் வேலை செய்யாது, பேட்டரி காலியாகும், ரொம்ப முத்தினா சூடாகி தீயும் பிடிக்கலாம். 2022 ஜனவரில 2014லேர்ந்து 2016 மாடல் வரைக்கும் சுமார் 6 லட்சத்து 90 ஆயிரம் வண்டி இதுக்காக. தண்ணி கீழதான் ஓடும்னு நம்பி டிசைன் பண்ணிட்டாங்க போல. அதே ரோக்குல மடக்குற சாவி ஒண்ணு இருக்கு, பழசானதும் பிடி தளர்ந்து ஓடிக்கிட்டு இருக்கறப்பவே மடங்கிடும், கையோ முட்டியோ பட்டா சாவி திரும்பி இன்ஜின் ஆஃப். இன்ஜின் ஆஃப்னா பவர் ஸ்டீயரிங் உதவி போச்சு, பிரேக்குக்கு உதவற வெற்றிடம் ரெண்டு மூணு மிதிக்குத்தான் தாங்கும், ஏர்பேக்கும் விரியாம போகலாம். 2023ல இதுக்கும் ஒரு 7 லட்சத்துக்கு மேல.

ஓடறப்ப நின்னு போறதுல இன்னொண்ணு, டென்ஸோங்கற பார்ட்டு கம்பெனி பண்ண ஃபியூயல் பம்ப். டேங்குக்குள்ள மூழ்கியே இருக்கற பம்ப், அதுல சுத்தற சக்கரம் பிளாஸ்டிக். அடர்த்தி சரியா வராத சக்கரம் பெட்ரோலை உறிஞ்சி பணியாரம் மாதிரி உப்பி, பம்ப் சுவத்துல உரசி நின்னுடும். 2023 டிசம்பர்ல ஹோண்டா அமெரிக்காவுல சுமார் 25 லட்சம் வண்டி கூப்பிட்டது, சிஆர்-வி, ஹெச்ஆர்-வி எல்லாம் அதுல உண்டு, டொயோட்டா 2020லேயே இதே பம்ப் பிரச்சினைக்கு ஆரம்பிச்சிடுச்சு. ஒரே சப்ளையர் பத்து கம்பெனிக்கு பார்ட்டு குடுக்கறப்ப தப்பும் சேர்த்து சப்ளை ஆகும்.

அந்த வகையில எல்லாத்துக்கும் அப்பன் டகாட்டாங்கற ஜப்பான் கம்பெனியோட ஏர்பேக். பழைய சிஆர்-வியும் அந்த லிஸ்ட்ல இருந்துச்சு. ஏர்பேக்கை ஊத வைக்கறது அம்மோனியம் நைட்ரேட் வில்லைங்க. ஈரப்பதமும், பகல் சூடு ராத்திரி குளிர்னு மாறி மாறி வர்றதும் சேர்ந்து அந்த வில்லைங்க வருஷக்கணக்குல விரிசல் விட்டுடும். கட்டைல மெதுவா பிடிக்கற நெருப்பு அதே கட்டையைத் தூளாக்கினா குப்புனு பிடிக்கும்ல, அதேதான், எரியற பரப்பு கூடிப்போச்சு. மெதுவா ஊத வேண்டியது வெடிக்குது, இரும்புக் குப்பி கிழிஞ்சு துண்டு துண்டா முகத்துக்கு நேரா வருது. அமெரிக்காவுல மட்டும் 6 கோடியே 70 லட்சம் ஏர்பேக்குங்க, 25 பேருக்கு மேல செத்தாங்க, 2017 ஜூன்ல கம்பெனி திவாலாச்சு. டெஸ்ட் முடிவுங்களைத் திருத்தி கார் கம்பெனிங்களை ஏமாத்தினதை 2017ல டகாட்டாவே ஒத்துக்கிச்சு.

இதெல்லாம் ரீகால் ஆனது. ஜனங்க அதிகமா புலம்பற ரெண்டு விஷயம் அமெரிக்காவுல இந்த மாதிரி பெருசா ரீகால் ஆகல, அது ஏன்னு தெரிஞ்சுக்கறது நல்லது.

ஒண்ணு சிவிடி கியர்பாக்ஸ். பல்சக்கரத்துக்குப் பதிலா ரெண்டு கப்பி, நடுவுல நூத்துக்கணக்கான மெல்லிசு எஃகுத் துண்டுகளைக் கோத்த பெல்ட், ஆயில் அழுத்தத்துல கப்பி அதை இறுக்கிப் பிடிக்கணும். வண்டி கனமா இருந்து, மேடு ஏறி, ஆயில் சூடாகி, பிடி கொஞ்சம் நழுவினாலே கப்பி மேல கோடு விழும், அந்தக் கோட்டுல மறுபடி நழுவும், வண்டி குலுங்கும். ரோக் ஓனருங்ககிட்ட கேளுங்க, சொல்லுவாங்க.

இன்னொண்ணு ஹோண்டாவோட 1.5 லிட்டர் டர்போல ஆயிலோட பெட்ரோல் கலக்கறது. குளிர்ல சிலிண்டர் சுவர் சில்லுனு இருக்கும், நேரா பீச்சுன பெட்ரோல் ஆவியாகாம சுவர்லயே வழியும், பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கீழ ஆயில்ல போய் சேரும். நீண்ட தூரம் ஓட்டினா ஆயில் சூடாகி அது திரும்ப ஆவியாகிடும், அஞ்சு நிமிஷம் ஓட்டி ஆஃப் பண்ணிக்கிட்டே இருந்தா சேர்ந்துக்கிட்டே போகும். 2018ல சீனாவுல இதுக்காக புது சிஆர்-வி விற்பனையையே நிறுத்தி வச்சாங்க, அமெரிக்காவுல சாஃப்ட்வேரை மாத்தி, வாரண்டியை நீட்டினதோட சரி. எங்க வண்டி வேற கம்பெனி, அதுலயும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன்தான், கொஞ்ச மாசம் பக்கத்துக்கு மட்டுமே ஓட்டிட்டு ஆயில் அளவு பாக்கற குச்சியை (டிப்ஸ்டிக்) எடுத்துப் பாத்தா ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி நின்னுச்சு, குறைய வேண்டிய ஆயில் கூடியிருக்கு, மோந்து பாத்தா பெட்ரோல் பங்க் வாசனை. விரல்ல தேய்ச்சா வழவழப்பு இல்லாம தண்ணியா ஓடுது.

இது ரெண்டும் காசைத் தின்னும், ஆனா பொதுவா ஆளைக் கொல்லாது, அதனாலதான் அங்க பெருசா ரீகால் ஆகல. ரீகால்ங்கறது முக்கியமா பாதுகாப்புக் கோளாறுக்குத்தான். அமெரிக்காவுல அப்படி ஒரு கோளாறு இருக்குன்னு கம்பெனி முடிவுக்கு வந்தா 5 வேலை நாளுக்குள்ள என்ஹெச்டிஎஸ்ஏங்கற அரசு அமைப்புக்கு சொல்லியே ஆகணும், ரிப்பேரும் இலவசம். இன்ஜின் ஆயுசு பாதியா குறையுதுன்னா அது உங்க பாடு, வாரண்டி பாடு. அதனால ஒரு மாடலுக்கு ரீகால் நிறைய வந்துச்சுன்னு சொல்லி அதை ஒதுக்கறதும், ஒண்ணும் வரலன்னு நம்பி வாங்கறதும் ரெண்டுமே அரைகுறைக் கணக்கு.

செகண்ட்ஹேண்ட் எடுக்கறவங்க இன்னொண்ணு கவனிக்கணும், ரீகால் லெட்டர் ரெஜிஸ்டர்ல இருக்கற ஓனர் பேருக்குத்தான் போகும், பழைய ஓனர் வீட்டுல அது பிரிக்காம கிடக்கும். முன்கண்ணாடிக்கு அடியில டிரைவர் பக்கம், இல்லன்னா டிரைவர் கதவு ஓரத்துத் தூண்ல எழுத்தும் எண்ணும் கலந்த 17 இலக்க அடையாள எண் ஒண்ணு இருக்கும், அதை வச்சுத்தான் தேடணும், மாடல் பேரை வச்சு தேடினா ஏமாறுவீங்க. ஒரே மாசம் ஒரே ஃபேக்டரில வந்த ரெண்டு வண்டில ஒண்ணுக்கு வேற பேட்ச் பம்ப் மாட்டியிருப்பாங்க. ஒரு தடவை தேடி ஒண்ணும் இல்லன்னு வந்தா அது அன்னைக்கு நிலவரம் மட்டும்தான். எஸ்கேப்போட அந்த இன்ஜெக்டர் ரீகாலையே எடுத்துக்குங்க, 2022ல ஆரம்பிச்சது 2025ல மறுபடி பெருசாகி 7 லட்சத்துக்குக் கிட்ட போயிடுச்சு.